மலை இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்: நீலகிரிப் பாதைக்குப் புதிய ஓட்டுநர்களுக்கு

லைசென்ஸ் கைக்கு வந்த மாதமே பலர் ஊட்டிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. எப்படிப் போவது என்று சொல்லிவிடுவதே மேல். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயப்படுவதெல்லாம் ஏற்றத்துக்குத்தான். வண்டி பின்னால் உருண்டுவிடுமோ, நடு வளைவில் ஆஃப் ஆகிவிடுமோ, பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரன் அடித்தே மானத்தை வாங்கிவிடுவாரோ என்று. ஏற்றத்தில் செய்யும் தப்பு பெரும்பாலும் அந்த மானத்தோடு போய்விடும். உயிரில் கைவைப்பது இறக்கம்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. குன்னூரிலிருந்து இறங்கினால் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். ஆளும் பெட்டியுமாக 1,200 கிலோ எடையுள்ள சின்ன கார் அந்த உயரத்தை இறங்குகையில் வெளிவிடும் ஆற்றல் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரம். அதில் காற்றும் டயர் உரசலும் வாங்கிக்கொள்வது ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் ஒன்று இன்ஜின் வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் பிரேக்கில் சூடாக இறங்க வேண்டும். எதன் வழியாக என்பதை உங்கள் கியர்தான் முடிவு செய்கிறது.

கிளம்பும் முன்

மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பிரேக் பேடு, பிரேக் ஆயில், ஹேண்ட் பிரேக். பேடு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரேக் ஆயிலைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230 டிகிரியும் 155 டிகிரியும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டிவிடும். ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடமாக மாற்றவில்லையா? மலைக்கு முன் மாற்றிவிடுங்கள். செலவு பெரிதில்லை.

ஹேண்ட் பிரேக்கை நீங்களே சோதிக்கலாம். ஒரு மேட்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வண்டி நகர்ந்தால் கேபிளை டைட் வைக்க வேண்டும். டயர், ஸ்டெப்னி, வைப்பர் ரப்பர், எல்லா லைட்டும் எரிகிறதா என்பது வழக்கமான பாடம்தான்.

இ-பாஸ் மறக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருதரம் பார்த்துவிடுங்கள். கல்லாறு சாவடியில் நின்றுகொண்டு செல்போனில் சிக்னல் தேடுவது புதிய ஓட்டுநருக்கு நல்ல தொடக்கம் இல்லை.

எல்எல்ஆர் மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களே என்ற தைரியத்தில் மலை ஏறுவது சட்டத்துக்குப் பொருந்தலாம், புத்திக்குப் பொருந்தாது. முதலில் சமவெளியில் பழகிக்கொள்ளுங்கள். கோவைக்காரர்களுக்கு மருதமலை பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டமில்லாத வார நாள் காலையில், நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏறி இறங்கிப் பாருங்கள். மேட்டில் நிறுத்தி உருளாமல் எடுப்பது, இரண்டாவது கியரில் பிரேக் தொடாமல் இறங்குவது இரண்டும் கைவந்த பிறகு மேட்டுப்பாளையம் பக்கம் வாருங்கள்.

எந்த வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதைகள். கல்லாறு, பர்லியார், மரப்பாலம், காட்டேரி வழியாகக் குன்னூர் போகும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழி கொஞ்சம் சுற்று. ஆனால் லாரியும் பஸ்ஸும் குறைவு, சரிவும் அவ்வளவு செங்குத்து இல்லை. முதல் தடவை வருகிறவருக்கு நான் எப்போதும் கோத்தகிரியைத்தான் சொல்வேன். மே மாத சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கினால் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். அது புதியவர்களுக்கு நல்லதுதான். எதிரே வரும் தொல்லை பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாவதாகக் கல்லட்டி. தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவு. தூரம் குறைவு என்று செல்போன் வரைபடம் அந்தப் பக்கம் திருப்பிவிடும். அங்கே நடந்த விபத்துகளைப் பார்த்துத்தான் வெளி மாவட்ட வண்டிகள் அதில் இறங்கப் போலீஸ் தடை போட்டது. சாவடியில் கெஞ்சிக் கூத்தாடி இறங்கப் பார்க்காதீர்கள். முதுமலைக்குப் போக வேண்டுமானால் பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழி இருக்கிறது. அங்கிருந்து கர்நாடகம் போகிறவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும்: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். 9 மணிக்குள் சாவடியைத் தாண்டிவிட வேண்டும் என்று கூடலூர் இறக்கத்தில் விரட்டிக்கொண்டு போவதைவிடக் கூடலூரிலேயே அறை போட்டுத் தங்குவது மலிவு.

ஏறும்போது

மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து சதவீதம் பலம் இழக்கும் என்பது பொதுக் கணக்கு. ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். வீட்டிலிருந்து வரும்வரை மூன்றாவது கியரில் சுகமாக இழுத்த வண்டி, குன்னூர் தாண்டினால் இரண்டாவது கேட்கும். கேட்டதும் கொடுத்துவிடுங்கள். வண்டி உதறத் தொடங்கிய பிறகு கியர் மாற்றினால் நேரம் கடந்துவிட்டது.

வளைவுக்குள் கியர் மாற்றாதீர்கள். வளைவு வருவதற்கு முன்பே இரண்டாவதில், கூட்டம் நின்று நின்று போனால் முதலாவதில், போட்டு முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் இரண்டு கையும் ஸ்டியரிங்குக்குத்தான்.

மேட்டில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். முதல் கியர். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, வண்டி மூக்கைத் தூக்கப் பார்க்கும். கிளட்ச் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நெரிசலில் நிற்காதீர்கள். கிளட்ச் தட்டு கருகும். புதிய கார்களில் வரும் ஹில் ஹோல்டு வசதி இரண்டு மூன்று வினாடிதான் பிடித்துவைக்கும். அதை நம்பி நிதானமாகச் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தால் பின்னால் இருப்பவரின் பம்பரோடு பேச வேண்டிவரும்.

கொண்டை ஊசி வளைவில்

வளைவில் பஸ் எப்படித் திரும்புகிறது என்று ஒருமுறை ஓரமாக நின்று பாருங்கள். டிரைவர் மூக்கை வெளிப்பக்கம் வரை கொண்டுபோய், முன் சக்கரம் சாலை விளிம்பைத் தொடும் நேரத்தில்தான் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பார். பின் சக்கரங்களோ உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆக அந்த ஒரு வண்டிக்கே சாலை முழுவதும் வேண்டும். நமக்கு அங்கே இடமே இல்லை. சைடு இருக்கிறதே என்று உள்பக்கம் நுழைந்த கார்தான் பஸ்ஸின் பின் சக்கரத்துக்கும் மலைச்சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதனால் எதிரே பஸ்ஸோ லாரியோ வளைவை நெருங்குவது தெரிந்தால், வளைவுக்கு இரண்டு மூன்று வண்டி தூரம் முன்பே நின்றுவிடுங்கள். அது திரும்பி முடித்து உங்களைத் தாண்டிய பிறகு நகருங்கள். டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். மலையில் அதுதான் நன்றி.

பாதை குறுகலாக இருக்கும் இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். இது பெருந்தன்மை இல்லை, சாலை விதி. மேட்டில் நின்ற கனரக வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

உங்கள் பாதிக்குள்ளேயே திரும்புங்கள். உள்பக்கமாகத் திரும்பும் இடது வளைவில் ஆசை வந்து சீக்கிரமே ஸ்டியரிங்கை ஒடித்துவிடுவோம். அப்படிச் செய்தால் செங்குத்தான உள் மூலையில் வண்டி திணறும், வெளியே வரும்போது எதிர்ப்பக்கத்துக்கு வழுக்கிப் போகும். உங்கள் பாதியின் வெளி ஓரத்தை ஒட்டி நுழைந்து, கொஞ்சம் தாமதமாகத் திருப்பினால் இரண்டும் சரியாகிவிடும். கண் தெரியாத வளைவில் பகலில் ஒரு சின்ன ஹாரன், இரவில் டிம் டிப். காட்டுப்பகுதியில் ஹாரனை நீட்டி முழக்க வேண்டாம்.

வளைவிலும், வளைவுக்குச் சற்று முன்னும் ஓவர்டேக் கிடையாது. முன்னால் போகும் லாரி எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் கிடையாது.

இறங்கும்போது

பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மூன்றாவதும் இரண்டாவதுமாக மாற்றி வரலாம். குன்னூர் தாண்டிக் காட்டேரியில் சரிவு தொடங்கியதும் இரண்டாவது கியரில் போட்டு, கல்லாறு வரை அதிலேயே இருங்கள். இன்ஜின் கொஞ்சம் இரைந்து உறுமும். கெட்டுப்போகிறதோ என்று பயந்து மூன்றாவதுக்கு மாற்றிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 3,000, 3,500 சுற்றில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அது ஆக்சிலரேட்டர் இல்லாமல் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற சத்தம்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னமும் ஒரு கூட்டம் நம்புகிறது. உண்மை தலைகீழ். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தெளிப்பு அறவே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சமாவது குடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டு உருட்டுகிறவர்கள் இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கும் மரக்கட்டையாகிவிடும். சாவியைத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

பிரேக்கை எப்படிப் பயன்படுத்துவது? லேசாக மிதித்தபடியே வருவதுதான் பெரும் தப்பு. பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், ஆறவே நேரம் கிடைக்காது. வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள். குறைந்ததும் காலை முழுக்க எடுத்துவிடுங்கள். அடுத்த வளைவு வரை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். அதற்குள் வேகம் மறுபடி கூடிக்கொண்டே போகிறது என்றால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் 'டி' யிலேயே இறங்கி வருகிறார்கள். வண்டி மைலேஜைப் பார்த்து மேல் கியருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கீழ் கியரிலேயே பிடித்துவைக்க எல், 2, அல்லது எம் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். சமவெளியிலேயே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரக் கார் இறக்கத்துக்கு நல்ல தோழன், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே பேட்டரியை நிரப்பும். ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் ஏற்ற இடமிருக்காது, அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும். ஸ்கூட்டரில் கியர் போட்டு அடக்க வழியில்லை. இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடித்து, நடுவில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து ஸ்கூட்டரில் குன்னூர் இறங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஞாயிறு மாலை பர்லியார் பழக்கடைகள் பக்கம் நின்றால் கருகின வாடை தானாக வரும். முன் சக்கரத்திலிருந்து புகை வர ஒரு கார் வந்து நிற்கும். இறங்கியவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்துக்கு ஓடுவார். கடைக்காரம்மா பலாச்சுளையை எடுத்துவைத்துக்கொண்டே, "அண்ணா, தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க்கு வளைஞ்சிரும். அரை மணி நேரம் நில்லுங்க, தானா ஆறிரும்" என்பார். இந்த மலையில் அதைவிடச் சரியான ஆலோசனை இல்லை. வாடை வந்தால், பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனால், அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கை இறுக்க வேண்டாம்.

பிரேக் பிடிக்கவே இல்லை என்றால் செய்ய வேண்டியது வரிசையாக: பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நான்கிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவாதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல், பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹாரனும் ஹசார்டு லைட்டும் போட்டு முன்னால் போகிறவர்களை எச்சரியுங்கள். அப்படியும் நிற்கவில்லையா, பள்ளத்தின் பக்கம் பார்க்காமல் மலைச்சுவரில் பக்கவாட்டில் உரசி நிறுத்துங்கள். பெயின்ட் போகட்டும்.

2023 செப்டம்பர் 30 மாலை, மரப்பாலம் அருகே ஒரு சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து கடையம் பக்கத்திலிருந்து வந்த 9 பேர் இறந்தார்கள். ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி இறங்குகையில் நடந்தது. நாள் முழுக்கச் சுற்றிக் களைத்து, வீட்டு நினைப்பில் இறங்குகிற அந்திதான் ஓட்டுகிறவருக்கும் பிரேக்குக்கும் கெட்ட நேரம். முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிவிடுங்கள்.

மிஸ்ட், மழை, காட்டு மாடு

மிஸ்ட் இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி அடிக்கும். லோ பீமும் ஃபாக் லேம்பும் போதும். ஹசார்டு போட்டுக்கொண்டு ஓட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது; அது நிற்கும் வண்டிக்கு. கண்ணாடி உள்ளே பனித்துப் போனால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏசியைப் போட்டுக் காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். குளிருக்கு ஏசியா என்று வீட்டார் சண்டைக்கு வருவார்கள். ஏசி ஈரத்தை எடுப்பதால்தான் கண்ணாடி தெளிகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அடிக்கும். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்த மண்சரிவுகளை மலைக்காரர்கள் மறக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை; கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் அதிகம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால், சுவரிலிருந்து சேற்றுத்தண்ணீரும் சின்னக் கற்களும் உருண்டு வரும் இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழும். முன் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விட்டுவிடும்.

கல்லாறு முதல் பர்லியார் வரை யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்று, லைட்டை டிம் செய்து, சத்தமில்லாமல் காத்திருங்கள். ஹாரன், ஃபிளாஷ், இறங்கிப் படம் எடுப்பது மூன்றும் கூடாது. குட்டி தெரிந்தால் இன்னும் பின்னால் போங்கள். கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் காட்டு மாடு சாதாரணம். ஒன்று சாலையைத் தாண்டினால் பின்னால் நான்கு நிற்கும். முதல் மாடு போனதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். குரங்குக்குத் தின்பண்டம் போட நடுவளைவில் நிறுத்துகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

நிறுத்தும்போது

மேடு நோக்கி நிறுத்தினால் முதல் கியர், இறக்கம் நோக்கி நிறுத்தினால் ரிவர்ஸ் கியர், ஹேண்ட் பிரேக், முன் சக்கரத்தை மலைப்பக்கமாக ஒடித்து வைப்பது. சந்தேகமாக இருந்தால் சக்கரத்துக்குக் கல். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். சாலை நடுவே அப்படியே விட்டுப் போன கல்லில் இரவில் ஏறி விழுகிறவர், வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பும் உள்ளூர்க்காரராக இருப்பார்.

கீழே கல்லாறு வந்ததும் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். லேசான வெதுவெதுப்பு இருந்தால் நன்றாக இறங்கியிருக்கிறீர்கள். கிட்டே கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு அடித்தால் அடுத்த தடவை இன்னும் ஒரு கியர் குறைவு. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அதில் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் மெக்கானிக்கிடம் அந்தச் சக்கரத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.